போட்டோவைச் சுருக்கித் தந்த எக்ஸ்டென்ஷன்

1. பாதி இறங்கிய ஷட்டர்

"அண்ணே, கொஞ்சம் உடனே வாங்க. ஷட்டரப் பாதி இறக்கிட்டு உள்ள உக்காந்திருக்கேன்."

கலைச்செல்வி இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. ஆண்டிமடம் கடைத்தெருவில் ஆன்லைன் சென்டர் வைத்திருப்பவர். சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, கல்லூரிக்கு ஃபாரம் போடுவது, ஹால் டிக்கெட் எடுப்பது எல்லாம் அங்கே நடக்கும். பிளஸ் டூ ரிசல்ட் வந்து இரண்டாவது வாரம் அது. சென்டர்காரர்களுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் கிடைக்காத நாட்கள். அப்படிப்பட்ட நாளில் பகல் பதினொரு மணிக்கு ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது என்றால் விஷயம் சாதாரணமில்லை என்று புரிந்தது.

என்னைப் பற்றி இரண்டு வரி. அரியலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பெரம்பலூரில் ஒரு கடையில் ஸ்க்ரூ டிரைவர் பிடித்துத் தொழில் கற்று இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பெரம்பலூரிலிருந்து ஆண்டிமடம் வரை பதினோரு ஆன்லைன் சென்டர்களின் சிஸ்டம்கள் அப்போது என் பொறுப்பில் இருந்தன. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். இதில் எழுதியிருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆற வைக்கவும் எனக்கு விருப்பமில்லை.

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். சென்டர் வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நடுவில் ராமலிங்கம். பக்கத்துக் கிராமத்தில் முந்திரிக்காடு வைத்திருப்பவர். அவருடைய மகள் திவ்யாவுக்குக் கல்லூரி ஃபாரம் போட்டது இந்த சென்டரில்தான். என்னைப் பார்த்ததும் நேராக வந்தார்.

"நீங்கதான் இந்தக் கம்ப்யூட்டரெல்லாம் பாக்கறவரா? நல்லாக் கேட்டுக்குங்க. மூணு நாளா எம்பொண்ணுக்குப் போன் வருது. மொத நாளு எவனோ காலேஜ்லேர்ந்து பேசறேன்னான். போவட்டும்னு வுட்டேன். நேத்து ஒருத்தன் பேசறான், 'திவ்யா, பச்சைச் சுடிதார்ல நல்லாருக்க'ங்கறான். அந்தப் போட்டோ ஃபாரத்துக்குன்னு எடுத்ததுங்க. வேற எங்கியும் குடுக்கல. இவகிட்ட மட்டுந்தான் குடுத்தேன்."

கலைச்செல்வி ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை.

"நான் யாருக்கும் குடுக்கலங்க. எத்தன தடவ சொல்றது?"

"அப்ப அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? எம்பேரு தெரியுது, மார்க்கு தெரியுது, வூட்டு அட்ரஸ் தெரியுது. பெத்தவனுக்கே அந்த மார்க்கு மனப்பாடமா இல்ல!"

கூட்டத்தில் ஒருவன் கொஞ்சம் தள்ளி நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "அந்தத் தெருவுலேர்ந்து வந்தவங்களுக்குக் கடைத்தெருவுல எடம் குடுத்தா இப்படித்தான் ஆவும்." அவனுக்கு அங்கே ஃபாரமும் இல்லை, பெண்ணும் இல்லை. கலைச்செல்வியின் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்கு முந்திரி பொறுக்கியவர்கள். மகள் பி.சி.ஏ. படித்து, சொந்தமாக சென்டர் போட்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஃபாரம் போடுகிறார். அதை விழுங்க முடியாமல் இருந்தவர்களுக்கு ராமலிங்கத்தின் கோபம் வசதியாகப் போய்விட்டது. அவனை நான் திட்டினேன். என்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

ராமலிங்கம் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். அடுத்த வாரம் திங்கட்கிழமை இரண்டு தரப்பும் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கட்டிட ஓனரும் வந்து தன் பங்குக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

"எனக்கு உன் மேல சந்தேகம் இல்லம்மா. ஆனா ஊரு வாய மூட முடியுமா? திங்கக்கெழம ஸ்டேஷன்ல இது முடியலன்னா நீ வேற எடம் பாத்துக்க."

ஆண்டிமடத்தில் இந்தப் பேச்சுக்குப் பிறகு அவருக்கு வேறு யார் இடம் கொடுப்பார்கள்? பெண் பிள்ளைகளின் போட்டோவை விற்றவள் என்ற பெயரோடு எந்த ஊரிலும் சென்டர் வைக்க முடியாது. கையில் ஆறு நாள் இருந்தது.

2. என் பெருமை

முதலில் வைரஸ் என்றுதான் நினைத்தேன். ஸ்கேன் போட்டேன், ஒன்றும் சிக்கவில்லை. சரி, எதற்கு வம்பு என்று சிஸ்டத்தை முழுசாக ஃபார்மட் அடித்தேன். விண்டோஸ் புதிது, டிரைவர் புதிது, எல்லாம் புதிது.

நான் வேலை செய்யும் முறையைச் சொல்ல வேண்டும். அதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஆன்லைன் சென்டர்காரர்களுக்கு ஃபார்மட் என்றாலே பயம். ஹார்ட் டிஸ்க் போனாலும் கவலைப்பட மாட்டார்கள், பிரவுசரில் சேர்த்து வைத்த லிங்க்குகள் போய்விட்டால் கை ஒடிந்த மாதிரி ஆகிவிடுவார்கள். எந்தச் சான்றிதழுக்கு எந்தப் பக்கம், எந்தக் கல்லூரிக்கு எந்த லிங்க், தமிழில் டைப் அடிக்க எது, பிடிஎஃப் சேர்க்க எது என்று நாற்பது ஐம்பது இருக்கும். அதை மறுபடி ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பதற்குள் வாசலில் நிற்கிற கூட்டம் அடுத்த கடைக்குப் போய்விடும்.

இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். என் கடைக்கென்று ஒரு மெயில் ஐடி போட்டு, என் கடை சிஸ்டத்தின் பிரவுசரில் அந்த ஐடியில் எல்லா லிங்க்கையும் எல்லா வசதியையும் சேர்த்து வைத்தேன். பதினோரு சென்டர்களின் பிரவுசர்களிலும் அதே ஐடியைப் போட்டு உள்ளே நுழைத்துவிட்டேன். அரியலூரில் என் கடையில் உட்கார்ந்து ஒரு லிங்க் சேர்த்தால் ஜெயங்கொண்டத்தில் வந்து நிற்கும், ரெட்டிபாளையத்தில் வந்து நிற்கும், பெரம்பலூரில் வந்து நிற்கும். ஃபார்மட் அடித்தாலும் ஐடியைப் போட்ட இரண்டு நிமிடத்தில் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துவிடும்.

"மந்திரம் மாதிரி இருக்கு சார்" என்று பெரம்பலூரில் ஒருவர் சொன்னதை நான் வீட்டில் நான்கு தடவை சொல்லியிருப்பேன். மற்ற சர்வீஸ்காரர்களுக்கு இது தெரியாது. எனக்கு அதில் ஒரு தலைக்கனம் உண்டு.

அன்றைக்கும் அதே மந்திரத்தைத்தான் போட்டேன். லிங்க்குகள் வந்து உட்கார்ந்தன. "இனிமே ஒண்ணும் வராதும்மா, தைரியமா கடையத் தெற" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கலைச்செல்வி ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டார்.

3. அசிங்கமான ஒரு யோசனை

இரண்டாம் நாள் மறுபடி போன்.

"அண்ணே, நீங்க ஃபார்மட் அடிச்சிட்டுப் போனப்புறம் ஒரு பொண்ணுக்கு ஃபாரம் போட்டேன். அந்தப் பொண்ணுக்கும் போன் வந்திருச்சாம்."

என் மனதில் அப்போது வந்த யோசனையை மறைக்காமல் எழுதுகிறேன். சிஸ்டத்தை நானே சுத்தம் செய்திருக்கிறேன். அதில் தப்பு இருக்க வழியில்லை. அப்படியானால் இவர்தானோ?

நான்கு வருடமாகத் தெரிந்தவர். எனக்கு டீ வாங்கித் தராமல் ஒருநாளும் அனுப்பியதில்லை. தெரியாமல் ஒரு பட்டனை அழுத்திவிட்டால்கூட உடனே போன் செய்து சொல்வார். அப்படிப்பட்டவரை நம்புவதை விட என் மந்திரத்தை நம்புவது எனக்கு எளிதாக இருந்தது. வாசலில் நின்று கேவலமாகப் பேசியவனைத் திட்டினேனே, அவனுக்கும் எனக்கும் அன்றைக்கு அதிக தூரமில்லை.

சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். இல்லாத ஒரு பெண்ணின் விவரங்களை அவரிடம் கொடுத்து ஃபாரம் நிரப்பச் சொல்வது. நம்பர் என்னுடையதாக இருக்கும். போன் வருகிறதா பார்ப்பது. என்னிடம் இரண்டு சிம் போட்ட பழைய பட்டன் போன் ஒன்று இருந்தது. இரண்டு நம்பருமே யாரிடமும் கொடுக்காதவை.

கல்லூரி ஃபாரத்தில் என்னென்ன கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால் முதலில் என் கடையிலேயே உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்து ஒத்திகை பார்த்தேன். வாய்க்கு வந்த பெயர் போட்டேன்: தென்றல்மொழி. அப்பா பெயர் வீராசாமி, ஊர் கீழப்பழுவூர், மார்க் நானூற்று எழுபத்திரண்டு. பட்டன் போனின் இரண்டாவது சிம் நம்பரைப் போட்டேன். கேட்கும் கட்டங்களை எல்லாம் தாளில் குறித்துக்கொண்டு, எந்தப் பட்டனையும் அழுத்தாமல் பக்கத்தை மூடிவிட்டேன். அந்தக் கல்லூரிக்கு அப்படி ஒரு பெண் இருப்பதே தெரியாது.

பிறகு வேறு பெயர் யோசித்து, முதல் சிம் நம்பரோடு கலைச்செல்விக்கு அனுப்பினேன். மகிழினி. "தெரிஞ்சவங்க பொண்ணும்மா. நெரப்பி வெய்யி, அனுப்பிடாத. இன்னும் யோசிக்கறாங்க" என்றேன். அவரும் "சரிண்ணே" என்றார். அந்தச் சரி என்ற வார்த்தை இன்றைக்கும் எனக்குக் குத்துகிறது.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது பட்டன் போன் அடித்தது.

"சார் வணக்கம், தென்றல்மொழியோட அப்பா வீராசாமிங்களா?"

கை ஈரத்தோடு அப்படியே நின்றேன். மகிழினி இல்லை. தென்றல்மொழி.

"ஆமாங்க, நீங்க யாரு?"

"அட்மிஷன் சம்பந்தமாப் பேசறேன் சார். நானூத்தி எழுவத்திரெண்டு மார்க்குக்கு நர்சிங் சீட்டு ரெடியா இருக்கு. கீழப்பழுவூர்தானே சார்? பக்கத்துலயே சொல்றேன்."

"இந்த வெவரம் உங்களுக்கு யாரு குடுத்தா?"

"டேட்டா வரும் சார், நாங்க வாங்கிக்குவோம். பொண்ணு போட்டோ மட்டும் இதுல இல்ல சார், அனுப்பறீங்களா?"

நான் அவனைத் திட்டுவதற்குள் வைத்துவிட்டான். என்ன ஒரு நிதானம் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவனிடம் அவன் பெண்ணின் போட்டோவைக் கேட்கிறான், குரலில் ஒரு கூச்சம் இல்லை. அவனுக்கு அது கடையில் கால் கிலோ கொடுங்கள் என்று கேட்பது போல.

தென்றல்மொழியைக் கலைச்செல்விக்குத் தெரியாது. கல்லூரிக்குத் தெரியாது. என் மனைவிக்குக்கூடத் தெரியாது. அவள் இருந்தது ஒரே இடத்தில்தான். என் கடையில், என் மேஜையில், நான் சுத்தம் என்று சத்தியம் செய்யக்கூடிய என் சிஸ்டத்தில்.

4. பதினோரு போன்

என் சிஸ்டத்துக்கும் ஆண்டிமடம் சிஸ்டத்துக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன். அதிக நேரம் ஆகவில்லை. பொதுவாக இருந்தது என் மெயில் ஐடி.

பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்தேன். எக்ஸ்டென்ஷன் என்றால் பிரவுசரோடு சேர்த்து ஒட்டிக்கொள்ளும் சின்ன சாஃப்ட்வேர். ஏழு இருந்தன. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாக ஓடவிட்டு, ஃபாரத்தில் பொய்யான பெயர்களை டைப் செய்து, பிரவுசர் வெளியே எங்கெங்கே தகவல் அனுப்புகிறது என்று பார்த்தேன். ஐந்தாவதில் பிடிபட்டது. நான் ஒரு கட்டத்தில் டைப் அடித்து அடுத்த கட்டத்துக்கு நகரும்போதெல்லாம் அது எனக்குத் தெரியாத ஒரு முகவரிக்கு எதையோ அனுப்பியது. போட்டோவை ஏற்றினால் போட்டோவும் போனது. அதை நிறுத்தினால் அனுப்புவதும் நின்றது.

அது போட்டோவைச் சுருக்கும் எக்ஸ்டென்ஷன்.

ஃபாரத்தில் போட்டோ ஐம்பது கேபி-க்குள் இருக்க வேண்டும், கையெழுத்து இருபது கேபி-க்குள் இருக்க வேண்டும் என்பார்கள். ஒரு கேபி கூடினாலும் ஏற்காது. ஒவ்வொரு போட்டோவையும் வேறு சாஃப்ட்வேரில் கொண்டுபோய்க் குறைத்துக் கொண்டுவருவதற்குள் உயிர் போகும். அதற்காக இரண்டு வருடத்துக்கு முன்னால் நானே தேடிப் பிடித்துச் சேர்த்தது. நட்சத்திரம் நிறைய இருந்தது. பாராட்டியும் நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். ஒரு கிளிக்கில் சுருக்கித் தந்தது. இன்றைக்கும் நன்றாகத்தான் சுருக்குகிறது. இதுதான் எனக்கு ஆத்திரமே. திருட வந்தவன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டே திருடினால் யாருக்குச் சந்தேகம் வரும்?

நான் சேர்த்தபோது அதைச் செய்தவர் பெயர் ஒன்று இருந்தது. இப்போது பார்த்தால் வேறு பெயர். இடையில் எப்போதோ கைமாறியிருக்கிறது. வாங்கியவன் உள்ளே தன் வேலையைச் சேர்த்து அப்டேட் என்று அனுப்பிவிட்டான். நம்மிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை, ஏனென்றால் முதல் நாளே அனுமதி கொடுத்தது நான்தான். நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கங்களிலும் உள்ள எல்லாத் தகவலையும் இது படிக்கும், மாற்றும் என்று தெளிவாகக் கேட்டது. போட்டோவைச் சுருக்குகிறவனுக்கு எல்லாப் பக்கமும் எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கீழே இருந்த பட்டனைத்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு பெயின்ட் அடிக்க வருகிறவன் பீரோ சாவி கேட்டால் விரட்டிவிடுவோம். இங்கே சாவியை நான் கொடுத்தேன். அதுவும் ஒரு வீட்டுக்கு இல்லை. என் ஐடி எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் அதுவும் போய் உட்கார்ந்திருந்தது. ஆண்டிமடத்தில் ஃபார்மட் அடித்துத் துடைத்தெடுத்த சிஸ்டத்தில், இரண்டு நிமிட மந்திரத்தால் அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்ததும் நான்தான்.

ஐடியிலிருந்து அதை நீக்கினேன். எல்லா சிஸ்டத்திலிருந்தும் ஐடியை வெளியேற்றினேன். பிறகு வரிசையாகப் பதினோரு போன் போட்டேன்.

ரெட்டிபாளையம் சென்டர்காரர் சொன்ன பதில் இது. "சார், அத எடுத்துட்டா போட்டோ எப்படிச் சுருக்கறது? சாயங்காலமா எடுத்துக்கலாமே, கூட்டம் நிக்குது."

"யோவ், போட்டோவத் திருடறான்னு சொல்றேன்!"

"சரி சார், கோச்சுக்காதீங்க. இருக்கற அஞ்சு பேத்த முடிச்சுக்கறேன்."

அந்த ஐந்து பேரையும் முடிக்க விடவில்லை. நேரில் போய் எடுத்தேன். போன இடத்தில் அவரிடம் கேட்டேன், உங்கள் கஸ்டமர் யாருக்கும் இப்படிப் போன் வரவில்லையா என்று.

"வராம என்ன சார். நெறைய பேரு சொன்னாங்க. இந்தக் காலத்துல யாருக்குத்தான் வரல?"

"உங்க மேல யாரும் சந்தேகப்படலியா?"

"எம்மேலயா? எதுக்கு?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

மற்ற சென்டர்களிலும் விசாரித்தேன். பெரம்பலூரில் போன் வந்திருக்கிறது, ஜெயங்கொண்டத்தில் வந்திருக்கிறது, கீழப்பழுவூரில் வந்திருக்கிறது. ஒரே திருட்டு, ஒரே வழி, பதினோரு ஊர். பத்து ஊரில் அதற்குக் காரணம் காலம் கெட்டுக் கிடப்பது. பதினோராவது ஊரில் மட்டும் காரணம் கலைச்செல்வி. மற்ற பத்துப் பேரும் ஆண்கள், ஊரில் நாலு பேர் எழுந்து வணக்கம் சொல்கிற வீட்டுக்காரர்கள். இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவேண்டியதே இல்லை, யார் பார்த்தாலும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த எக்ஸ்டென்ஷன்காரன் மேல் எனக்கு எவ்வளவு கோபமோ அதில் குறைவில்லாத கோபம் இதன் மேலும் இருக்கிறது.

5. ஸ்டேஷனில்

காட்டுவதற்கென்று அந்த எக்ஸ்டென்ஷனை மட்டும் தனியாகப் போட்டு வைத்த லேப்டாப்போடு திங்கட்கிழமை போனேன். ராமலிங்கம், கட்டிட ஓனர், கலைச்செல்வி மூன்று பேரும் இருந்தார்கள். முந்தின நாளே கலைச்செல்வியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன், மகிழினியைத் தவிர. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எஸ்.ஐ.க்கு லேப்டாப்பில் செய்து காட்டினேன். அவர் சொன்ன ஒரு பொய்ப் பெயரை டைப் அடித்தேன். எக்ஸ்டென்ஷன் அதை எடுத்துக்கொண்டு வெளியே போவதைத் திரையில் காட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரி, இதச் செஞ்சவன் யாரு?"

"தெரியாது சார். ஒரு பேரு இருக்கு, அது நெசமான்னு தெரியாது. ஒரு மெயில் இருக்கு, அதுக்குப் பதில் வராது. எக்ஸ்டென்ஷன் கெடைக்கற எடத்துல புகார் குடுத்தேன். உங்க கருத்துக்கு நன்றின்னு தானா ஒரு மெயில் வந்துச்சு."

"அப்ப நான் யாரப் புடிக்கறது?"

திருடியவனுக்கு முகவரி இல்லை. டேட்டாவை விலைக்கு வாங்கிப் போன் செய்கிறவன் நம்பரை மாற்றிக்கொண்டே இருக்கிறான். கலைச்செல்விக்குத்தான் கடைத்தெருவில் போர்டு போட்ட முகவரி இருந்தது. அதனால் எல்லாக் கோபமும் அந்த வாசலில் வந்து இறங்கியது.

ராமலிங்கம் திரையிலிருந்து கண்ணை எடுத்து என் பக்கம் திரும்பினார்.

"இத அந்தக் கடையில கொண்டாந்து வெச்சது யாருங்க?"

"நான்தாங்க."

"இவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. இவங்க இல்லாதப்பவே என் கடையிலேர்ந்தே போட முடியும். அப்படித்தான் போட்டேன். இவங்க ஒரு பட்டனக்கூட அமுத்தல."

எஸ்.ஐ. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எழுதிக் குடுப்பியா?" என்றார். எழுதிக் கொடுத்தேன். ராமலிங்கம் கொடுத்த புகாரில் கலைச்செல்வியின் பெயரை எடுத்துவிட்டு, அடையாளம் தெரியாத ஆள் என்று மாற்றினார்கள். என் பெயர் அதில் சாட்சியாக இருக்கிறது. குற்றவாளி என்று எழுதியிருந்தாலும் நான் மறுத்திருக்க மாட்டேன்.

வெளியே வந்ததும் ராமலிங்கம் கலைச்செல்வி பக்கம் திரும்பினார். "நான் என்னம்மா பண்ணுவேன். பொண்ணப் பெத்தவன். கோவத்துல பேசிட்டேன்."

"எனக்கும் பொண்ணு இருக்குங்க. நீங்க கோவப்பட்டதத் தப்புன்னு சொல்லல. ஆனா கடை வாசல்ல நின்னு அத்தன பேருக்கு முன்னாடி கேட்டீங்க. இங்க வந்து காதுக்குள்ள சொல்றீங்களே."

கட்டிட ஓனர், "அதான் முடிஞ்சிருச்சுல்லம்மா, பெரிய மனுசன் எறங்கி வந்து சொல்றாரு, வுடு" என்று நடுவில் புகுந்தார்.

"நீங்க வேற எடம் பாத்துக்கன்னு சொன்னதும் வாசல்லதாங்க" என்றார் கலைச்செல்வி. ஓனர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் காலை கடைத்தெரு நிறைந்திருந்த நேரத்தில் ராமலிங்கம் வந்தார். மகளையும் கூட்டி வந்திருந்தார். வாசலில் நின்று, "இந்தம்மா மேல தப்பு இல்ல. நான் விசாரிக்காம பேசிட்டேன்" என்றார். பெரிய குரல் இல்லை, எதிர் டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். திவ்யா உள்ளே போய்ப் புது நம்பரைக் கொடுத்து ஃபாரத்தில் மாற்றிக்கொண்டாள். அந்தத் தெருப் பேச்சுப் பேசியவன் வரவில்லை. அவன் மாதிரி ஆட்கள் பழி போடத்தான் வருவார்கள்.

6. கற்றுக்கொண்டது

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கஸ்டமர் பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாமல் வேலை நடக்குமா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் நடக்கும், ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். கட்டாயம் வேண்டுமென்றால் அது என்ன அனுமதி கேட்கிறது என்பதைக் கடைசி எழுத்து வரை படியுங்கள். போட்டதோடு விடாமல் மாதம் ஒருமுறை பட்டியலைத் திறந்து, செய்தவர் பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஐடியைப் பத்து இடத்தில் போடாதீர்கள். நமக்கு வசதி என்று செய்கிற எதையும், இது யாருடைய சிஸ்டம், உள்ளே போவது யாருடைய பிள்ளையின் போட்டோ என்று ஒரு தடவை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அந்த எக்ஸ்டென்ஷன் சில வாரம் கழித்து ஒருநாள் காணாமல் போனது. ஏன் எடுத்தார்கள் என்று ஒரு வரி இல்லை. அதற்குள் எத்தனை திவ்யாக்களின் போட்டோ எங்கெங்கே போனது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. யாரையும் கேட்கவும் முடியாது.

ராமலிங்கம் வந்துபோன அன்று மத்தியானம் கலைச்செல்விக்கென்று தனியாக ஒரு மெயில் ஐடி போட்டுக் கொடுக்க உட்கார்ந்தேன். பிரவுசரைத் திறந்தபோது அவர் கேட்டார்.

"அண்ணே, அந்த மகிழினி ஃபாரம் அப்படியே கெடக்கு. அவங்க முடிவு பண்ணிட்டாங்களா?"

இனியும் மறைப்பது கேவலம் என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒரு பெண் இல்லை, உன்னைச் சோதிக்கத்தான் கொடுத்தேன் என்று. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"ராமலிங்கமாச்சும் மூஞ்சிக்கு நேரா கேட்டாருண்ணே" என்றார்.

பிறகு கீபோர்டை என் பக்கத்திலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க. பாஸ்வேர்டு நான் போட்டுக்கறேன்."

வெளியே போய் நின்றேன். நான்கு வருடத்தில் அந்தக் கடையில் எனக்குத் தெரியாத பாஸ்வேர்டு என்று ஒன்று இருந்ததில்லை. வெயில் நன்றாக அடித்தது. முகத்தில் அடித்த மாதிரிதான் இருந்தது, ஆனால் அவர் செய்ததில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

"இப்ப வாங்க" என்று குரல் கேட்டு உள்ளே போனேன். எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து வைத்திருந்தார். காலியாக இருந்தது.

"இதுல எது சேக்கறதா இருந்தாலும் மொதல்ல எங்கிட்ட கேக்கணும். கேட்டுட்டுத்தான் சேக்கணும்."

"கேக்கறேம்மா" என்றேன்.